பாதியில் நின்ற தொடரின் பிரிட்ஜ்

பல் டாக்டரை அவருடைய சொந்த டோஸ்டர் தாடையில் அடித்ததில் முன்பல் இரண்டும் தெறித்து, ஜன்னல் வழியாகச் சாலையைத் தாண்டி, எதிர்க்கடை இருமல் மருந்துப் புட்டிக்குள் போய் விழுந்தன. உடனே சமையலறைச் சுவர் சிரித்தது. ஒரு ஆள் சிரிப்பு இல்லை. முந்நூறு பேர் வரிசையாக உட்கார்ந்து கைதட்டிச் சிரிக்க, பின்வரிசையில் ஒரு பெண்மணி மட்டும் நிறுத்த முடியாமல் இருமிக்கொண்டே சிரித்த சிரிப்பு. சுவர் சிரித்து ஓய்ந்ததும் டாக்டர் ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்தார். பொழுது சாய்வதற்குள் இரண்டு பல்லும் பழைய இடத்தில் முளைத்துவிட்டன, முன்னைவிடக் கொஞ்சம் வெள்ளையாகவே. நம்பாதவர்கள் நேரில் போய் அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கலாம். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொன்னவர், தன் வாயைத் திறக்க மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்.

அந்த டோஸ்டர் கடையில் வாங்கியது அல்ல. ஊருக்கு வெளியே இருந்த தொலைக்காட்சி நிலையத்தை இழுத்து மூடியபோது, அதன் சாமான் அறையில் கிடந்ததையெல்லாம் லாரியில் அள்ளி வந்து வீட்டுக்கு வீடு தள்ளிவிட்டவர் ஒரு தரகர். கருங்கல்லைக் காட்டி நன்றாகக் கனிந்திருக்கிறது என்று சொல்லி விற்றுவிடக்கூடிய வாய் அவருக்கு. நிலையம் ஒரு காலத்தில் நகைச்சுவைத் தொடர்களாக எடுத்துத் தள்ளியது; ஆனால் எல்லாத் தொடருக்கும் சாமான் அறை ஒன்றுதான். வக்கீல் வீட்டுத் தொடரில் மேசைமேல் இருந்த டெலிபோன்தான் டாக்டர் வீட்டுத் தொடரிலும் மணி அடிக்கும், திருடன் குடும்பத் தொடரில் அதுவே திருட்டுப் போகும். வெள்ளை பிரிட்ஜுக்கு மஞ்சள் பூசி அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள், அடுத்த வருஷம் மஞ்சள்மேல் பச்சை. பார்க்கிறவன் மூஞ்சியைத்தான் பார்ப்பான், பிரிட்ஜையா பார்ப்பான் என்பது அவர்கள் கணக்கு. இந்தத் தொடர்களில் வாரம் தவறாமல் யாராவது அடி வாங்கியாக வேண்டும். மாமனார் காலில் இஸ்திரிப் பெட்டி, மைத்துனன் மண்டையில் வாணலி, வாடகை கேட்க வந்தவன் மூக்கில் அலமாரிக் கதவு. முப்பது வருஷம் அடிப்பதுபோல் நடித்தே காலம் தள்ளிய சாமான்களுக்கு உண்மையான வீட்டையும் உண்மையான மண்டையையும் கண்டவுடன் கை சும்மா இருக்கவில்லை. பழக்கதோஷம் என்பது மனிதனுக்கு மட்டும்தானா?

தரகரின் அக்காவைத் தெருவில் பூதக்கண்ணாடி என்பார்கள். அவளும் அவள் கணவரும் கல்யாணமான வருஷத்திலிருந்து மத்தியானம் ஆனால் ஒரே சோபாவில் உட்கார்ந்து இந்தத் தொடர்களைப் பார்த்தார்கள், நிலையம் மறுபடி போட்டபோது மறுபடி பார்த்தார்கள், மூன்று டிவி தேய்ந்தது, சோபாவில் இரண்டு பள்ளம் விழுந்தது. ஆனால் இருவரும் பார்த்தது ஒன்றல்ல. அவள் கண் மனிதர்கள்மேல் நிற்காது, அவர்களுக்குப் பின்னால் இருக்கும் சாமான்மேல்தான் நிற்கும்.

“அந்தக் கெட்டிலோட மூக்கைப் பாருங்க. போன வாரம் டாக்டர் வீட்ல இருந்துச்சு. அப்ப நீலம்.”

“ஏம்மா, அங்க ஒருத்தன் மாடியிலேர்ந்து தலைகீழா விழறான், நீ கெட்டிலப் பாத்துக்கிட்டிருக்கே.”

“விழுந்தவன் அடுத்த வாரம் எழுந்து வந்துடுவான். கெட்டில் எப்படிங்க வீடு மாறுச்சு?”

கணவருக்குச் சாமான் ஒரு பொருட்டே இல்லை. அவருக்குக் கதை போதும், அடி போதும், சிரிக்க இடம் போதும். லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்ற அவரைத் தெரு கெக்கலி என்று அழைத்தது. அவர் சிரித்தால் பக்கத்து வீட்டில் கொடியில் காயும் துணி உதிரும். ஒரு தடவை அவர் சிரித்த வேகத்தில் தெருவிளக்கு பகலிலேயே எரிந்தது. பூதக்கண்ணாடியோ அத்தனை வருஷத்தில் டிவியைப் பார்த்து ஒரு முறைகூடச் சிரித்ததில்லை. சாமானைத் தவிர மற்றதில் அவள் கவனம் எவ்வளவு என்றால், கணவர் மீசையை எடுத்ததை அவள் கண்டுபிடித்தது மறு வருஷம்.

டாக்டரின் பல் முளைத்த செய்தி பரவியதும் தெரு திரண்டு இவர்கள் வீட்டுக்கு வந்தது. டோஸ்டரைத் துணியில் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். பூதக்கண்ணாடி சுற்றி வந்து பார்த்து, “இது வக்கீல் வீட்டு டோஸ்டர். இடது கைப்பிடி உடைஞ்சு பசை போட்டு ஒட்டியிருக்கு. அப்புறம் ரெண்டு வருஷம் திருடன் வீட்ல இருந்துச்சு” என்றாள். கெக்கலி கண்ணை மூடி யோசித்து, “அப்படின்னா ரொட்டி இன்னும் ஆகலியான்னு கேட்டவனைத்தான் அடிக்கும். பேசாம நின்னா ஒண்ணும் பண்ணாது” என்றார். டாக்டர் அப்படித்தான் கேட்டிருந்தார். ஆக, அவளுக்குச் சாமான் தெரியும், அவருக்கு அடி தெரியும். இருவரையும் சேர்த்து வைத்தால்தான் ஒரு உருப்படியான பதில் கிடைக்கும் என்பது அன்று தெருவுக்குப் புரிந்தது. அவர்களுக்குமே அன்றுதான் புரிந்திருக்க வேண்டும்.

தூக்கி எறிந்துவிட்டால் போயிற்று என்று சிலர் நினைத்தார்கள். எறிந்த கெட்டில் ஜன்னல் வழியாகத் திரும்பி வந்து எறிந்தவர் நெற்றியைப் பிளந்தது, சுவர் சிரித்தது. நகைச்சுவைத் தொடரில் வெளியே போன சாமான் வேறு எங்கே போகும்.

பயம் ஒரு மாதம்தான் இருந்தது. அடி வாங்கியவன் எப்படியும் எழுந்துவிடுவான் என்று தெரிந்த பிறகு தெருவுக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. தலைமுறை தலைமுறையாகப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துப் பேசியவர்கள் ஒருவரை ஒருவர் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். நாற்காலியை எங்கே போடுவது, எந்தப் பேச்சை எடுப்பது என்று முன்கூட்டியே கெக்கலி தம்பதியிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். சம்பந்திகள் இருவர் ஒரே மேசை விசிறியை மாறி மாறி ஒருவர் பக்கம் ஒருவர் திருப்பியதில் நான்கு காதும் அறுந்து, முளைத்தபோது இடம் மாறி முளைத்தன. ஒரு மருமகள் வாஷிங் மெஷின் மூடியைத் திறந்து, “அத்தை, உள்ள ஏதோ சத்தம் வருது, எட்டிப் பாருங்களேன்” என்றாள். அத்தை துவைபட்டு, பிழிபட்டு, முழங்கால் முன்னும் பின்னும் மாறி வெளியே வந்தார். மறுநாள் அத்தை பதிலுக்கு இஸ்திரிப் பெட்டியைப் பற்றி விசாரிக்க வந்தார். பள்ளிக்கூட வாத்தியார் தலைமையாசிரியரின் மூக்கைத் தூசி உறிஞ்சும் இயந்திரத்தில் இழந்தார், அதாவது தலைமையாசிரியர் இழந்தார், வாத்தியார் அந்தப் பையை அவிழ்த்து மூக்கைத் தேடிக் கொடுத்தார். வாசல்படிகளில் ரத்தம் வழியும், சுவர்கள் கூரை அதிரச் சிரிக்கும், பெருக்கித் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் தெருவில் பிசகாத தோளோ பெயராத நகமோ இல்லை. அதே சமயம் யாருக்கும் ரத்தக் கொதிப்பும் இல்லை என்று மருந்துக்கடைக்காரர் குறைப்பட்டுக்கொண்டார்.

இத்தனைக்கும் கெக்கலி வீட்டில் மட்டும் ஒரு சாமானைத் தொட யாரும் அனுமதிக்கப்படவில்லை. தரகர் தன் அக்காவுக்கென்று ஒரு பச்சை பிரிட்ஜைச் சும்மா கொடுத்திருந்தார். அது ஆள் உயரத்துக்கு மேல், யானைக்கன்று கனம். வாசல் கதவுக்குள் நுழையாததால் மூன்றாம் மாடிப் படிக்கட்டு முனையிலேயே நின்றது. பூதக்கண்ணாடி நகத்தால் சுரண்டினாள். பச்சைக்கு அடியில் மஞ்சள், மஞ்சளுக்கு அடியில் வெள்ளை, கைப்பிடிக்குக் கீழே ஒரு பள்ளம். “மாமனார் வீட்டுத் தொடர். கடைசியா அங்கதான் இருந்துச்சு” என்றாள். கெக்கலியின் முகத்தில் சிரிப்பு இல்லாததை அன்று எல்லாரும் பார்த்தார்கள்.

“மாப்ளே,” என்றார் தரகரிடம், “அந்தத் தொடரைப் பாதியில நிறுத்திட்டாங்க. கடைசி வாரம் மாமனார் பையைத் தூக்கிட்டு மாடி ஏறி வரான். மேல பிரிட்ஜு சாயுது. அடுத்த வாரம்னு போட்டான். அடுத்த வாரத்துலேர்ந்து வானிலை அறிக்கை.”

“அதனால என்ன மாமா?”

“அது இன்னும் விழல.”

“விழட்டும். சுவர் சிரிக்கும், நீங்க எழுந்துப்பீங்க.”

“எடுக்காத காட்சிக்கு யார்டா சிரிப்பான்?”

அன்றே ஒரு கப்பல் சங்கிலியை வாங்கி பிரிட்ஜைப் படிக்கட்டுக் கம்பியோடு கட்டினார்கள். கெக்கலி அதற்குப் பிறகு மாடி ஏறும்போதெல்லாம் அந்தத் திருப்பத்தில் நின்று, மேலே பார்த்து, சங்கிலி இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் வருவார். பிரிட்ஜும் குனிந்து அவரைப் பார்த்தபடிதான் இருந்தது.

கேடு வேறு திசையிலிருந்து வந்தது. கெக்கலி குடியிருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் கீழ்த்தளத்துத் தையல்காரருக்குத் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டார். தையல்காரர் ஒரு குக்கரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். பூதக்கண்ணாடி பார்த்தாள், கைப்பிடியில் ஒரு திருகு மட்டும் பித்தளை. டாக்டர் வீட்டுத் தொடரின் குக்கர் என்றாள். மூடி கூரைக்குப் பறந்து போய்த் தொப்பி மாதிரி தலையில் வந்து கவிழும், அவ்வளவுதான், புருவம்கூடக் கருகாது என்றார் கெக்கலி. தையல்காரர் வீட்டுக்காரரைச் சமாதானம் பேச அழைத்து அடுப்பங்கரையில் உட்கார வைத்தார். மூடி பறந்தது. தொப்பியாகக் கவிழவில்லை, பக்கவாட்டில் சுழன்று வந்து கழுத்தில் இறங்கியது. எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். சுவரிலிருந்து ஒரு வயலின் சோகமாக இழுத்தது. அதன்மேல் ஒரு பெண் விம்மினாள். வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் வரை பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை.

அந்தக் குக்கர் ஒரே ஒரு மத்தியானம் அழுகைத் தொடர் ஒன்றுக்கு இரவல் போயிருந்தது. இது தம்பதிக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. அழுகைத் தொடர் வந்தால் கெக்கலி எழுந்து டிவியை அணைத்துவிடுவார். சிரிக்க முடியாத இடத்தில் அவருக்கு உட்காரத் தெரியாது, கணவர் அணைத்த டிவியில் அவளுக்குச் சாமான் தெரியாது. உலகத்திலேயே அந்த இரண்டு பேர் சேர்ந்தால் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. அவர்கள் செய்தார்கள்.

வீட்டுக்காரரை, குக்கரையும் கூடவே வைத்துப் புதைத்தார்கள். அவருக்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் இறைச்சிக் கடை வைத்திருந்தவர்கள், தோள் கதவகலம். அவர்கள் தையல்காரரை ஒன்றும் செய்யவில்லை. தையல்காரர் சொன்னதைக் கேட்டுத்தானே செய்தார். சொன்னவர் யார் என்று விசாரித்தார்கள். தரகரைத் தேடிப் பிடித்து அவருடைய கட்டைவிரலைக் கதவிடுக்கில் வைத்து மெதுவாகச் சாத்தினார்கள். தரகர் வாய்தான் ஊரறிந்ததாயிற்றே. கதவு பாதி மூடுவதற்குள் பிரிட்ஜின் முழு வரலாறும் வெளியே வந்துவிட்டது.

நல்ல வெயில் வேளையில் இருவரும் இறைச்சி வெட்டும் கத்தியோடு மூன்றாம் மாடிக்கு வந்தார்கள். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த பூதக்கண்ணாடியை இளையவன் ஒரு கையால் நிலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். மூத்தவன் சங்கிலியை வெட்டினான். எட்டாவது வெட்டிலோ எண்பதாவது வெட்டிலோ அது அறுந்து தடதடவென்று கீழே உருண்டது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் கெக்கலி, கையில் சாமான் பையோடு, படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று மேலே பார்த்தார். மாமனார் நின்ற இடம், மாமனார் பிடித்த மாதிரியே பை.

“தம்பி,” என்றார், “உங்க அப்பாவுக்கு இப்படி ஆகும்னு நாங்க நினைச்சு சொல்லலப்பா.”

“தெரியும் சார்,” என்றான் மூத்தவன். “இந்தப் பிரிட்ஜும் உங்களை நினைச்சு விழாது.”

“ஏங்க, கீழ ஓடுங்க” என்றாள் அவள்.

“ஓட முடியாதும்மா. மாமனார் ஓடல. கால் வரமாட்டேங்குது.”

யாரும் தள்ளவில்லை. பிரிட்ஜ் தானாகவே முன்னால் சாய்ந்தது, நெடுங்காலம் நின்ற கால் மரத்துப் போனவர்கள் சாய்வதுபோல. பிறகு அது விழுந்தது. அந்த விழுகையில் படிக்கட்டுக் கம்பிகள் நூடுல்ஸாகச் சுருண்டன, கட்டடம் தெருப்பக்கம் ஒரு சாண் சாய்ந்தது (இன்றும் சாய்ந்துதான் நிற்கிறது), இரண்டு தெரு தள்ளிக் கோழிகள் முட்டையை உள்ளே இழுத்துக்கொண்டன. தூசி அடங்கியபோது பிரிட்ஜ் திருப்பத்தில் குப்புறக் கிடந்தது. அதன் அடியிலிருந்து ஒரு கையும் உருண்டு வந்த பையும் மட்டும் வெளியே தெரிந்தன. சுவர் ஒரு சத்தமும் போடவில்லை. எடுக்காத காட்சிக்குச் சிரிப்பைப் பதிவு செய்தவர் எவரும் இல்லை.

இளையவனின் பிடி தானாக விட்டது. அவள் இறங்கி ஓடினாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் பிரிட்ஜைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் மேட்டில் ஒரு பழைய தழும்பு இருந்தது. எல்லாக் கெட்டிலின் எல்லாக் கீறலும் வருஷத்தோடு தெரிந்த அவளுக்கு அந்தத் தழும்பு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

சுவரை இரண்டு உள்ளங்கையாலும் அறைந்து, “சிரி” என்றாள். சுவர் சிரிக்கவில்லை. நெற்றியால் மோதினாள், சுண்ணாம்பு உதிர்ந்தது, ரத்தம் வந்தது. சுவர் சுவராகவே இருந்தது. அப்போது அவளுக்கு விளங்கியது. சுவர் சிரிக்காவிட்டால் வேறு யாராவது சிரித்தாக வேண்டும். தெருவில் சிரிக்கத் தெரிந்த ஒரே ஆள் அடியில் கிடக்கிறார்.

அவள் வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு வந்ததை என்னவென்று சொல்வது. தகரப் பெட்டியைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் ஒரு சத்தம் வரும், வாத்தைப் படிக்கட்டில் மிதித்தால் ஒரு சத்தம் வரும், இரண்டையும் ஒரே சமயத்தில் ஒரு பீப்பாய்க்குள் போட்டு உருட்டிய சத்தம் அது. அழுதுகொண்டே, நெற்றி ரத்தம் வாயில் வழிய, அவள் அந்தச் சத்தத்தைப் போட்டுக்கொண்டே இருந்தாள். மூத்தவன் கத்தியைக் கீழே போட்டுக் காதைப் பொத்திக்கொண்டான். இரண்டு ஆட்டை ஒரே வெட்டில் வெட்டுகிறவன் அவன்.

பிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. மிகவும் மெல்லிய குரல், கடிதம் உறைக்குள்ளிருந்து பேசியதுபோல.

“ஏம்மா. நிறுத்தும்மா. இதுக்குப் பிரிட்ஜே தேவலாம்.”

அவளால் நிறுத்த முடியவில்லை. இன்னொரு வாத்து மிதிபட்டது. அடியிலிருந்து முதலில் ஒரு கெக் வந்தது, அப்புறம் ஒரு கெக்கே, அப்புறம் பிரிட்ஜ் குலுங்க ஆரம்பித்தது. கெக்கலி சிரித்தார். மனைவியின் சிரிப்பைக் கேட்டு, மூச்சு விட இடமில்லாத இடத்தில் படுத்துக்கொண்டு, அவர் சிரித்த சிரிப்பில் பிரிட்ஜின் கதவு திறந்து விளக்கு எரிந்தது. கீழ்த்தளத்தில் தையல்காரர் சிரித்தார். பல் டாக்டர் தன் வீட்டிலிருந்தே சிரித்தார். அரை மணி நேரம் தெரு முழுக்கச் சிரித்துத் தீர்த்த பிறகுதான் சுவர், வேலைக்குத் தாமதமாக வந்தவர்போல, ஓரமாக நின்று கொஞ்சம் சிரித்தது.

பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிரிட்ஜைத் தூக்கினார்கள். கெக்கலி உயிரோடு இருந்தார். ஒரு விரல் கனத்தில், படிகளின் மடிப்புக்குத் தகுந்தாற்போல் மூன்றாக மடிந்து கிடந்தார். இளையவன் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

“எங்கப்பாவுக்கு யாருமே சிரிக்கலியே” என்றான்.

“அது சுவரோட வேலைன்னு எல்லாரும் சும்மா நின்னுட்டோம்ப்பா,” என்றாள் பூதக்கண்ணாடி. “நானும் குக்கரைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

மூத்தவன் குனிந்து, கெக்கலியை மடிப்பு நீவி, கசங்காமல் சுருட்டினான். தலைப்பக்கத்தை அவன் பிடித்தான், கால்பக்கத்தைத் தம்பி பிடித்தான். மேலே கொண்டுபோய்ச் சோபாவில் விரித்துப் போட்டார்கள். இறங்கும்போது பையில் உடையாமல் இருந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் அவர் பழையபடி உப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். உப்பவில்லை. சுவர் தாமதமாகச் சிரித்ததால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது என்பது பல் டாக்டரின் கருத்து. தெருவில் வேறு டாக்டர் இல்லாததால் அதுவே முடிவானது. பிரிட்ஜ் விழ வேண்டியதை விழுந்து முடித்துவிட்டபடியால் சாதுவாகிவிட்டது. அதில் இப்போது தண்ணீர் வைக்கிறார்கள், நன்றாகக் குளிர்கிறது. மற்றச் சாமான்கள் இன்னும் அடிக்கத்தான் செய்கின்றன. ஆனால் யாரும் யாரையும் தேநீருக்குக் கூப்பிடுவதில்லை, அடி விழுந்தால் சுவருக்காகக் காத்திராமல் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் சிரித்துவிடுகிறார்கள். தையல்காரர் கெக்கலிக்குச் சட்டை தைக்கும்போது பக்கத்துணியே வெட்டுவதில்லை. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, ஓரத்தில் தையல். கதவைத் தட்டாமல் அதன் கீழ் இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடுகிறார் என்று அக்கம்பக்கத்தில் இரண்டொரு புகார் உண்டு. மற்றபடி ஆள் சௌக்கியம்.

மத்தியானம் தம்பதி வேறொரு நிலையத்தை வைத்து டிவி பார்க்கிறார்கள். அவர் பக்கவாட்டில் திரும்பிவிட்டால் கண்ணுக்குத் தெரியமாட்டார் என்பதால், அவர் இருக்கிறாரா என்று அவள் அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அழுகைத் தொடரும் இப்போது பார்க்கிறார்கள். சாயங்காலம் கடைத்தெருவுக்குக் கிளம்பினால், காற்று பலமாக இருக்கும் நாட்களில் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். காற்றில்லாத நாட்களிலும் பிடித்துக்கொள்கிறார், யாரும் கேட்பதில்லை.